ஏணியை எடுத்து வையுங்கள்



ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். நாங்களோ ஆழம் தெரிந்த தண்ணீரில்தான் ஏமாந்தோம். இரண்டடித் தண்ணீர்தானே என்று நினைத்தோம்.

மே மாத விடுமுறையில் எங்களுள் ஒருத்தியின் மாமா சென்னையிலிருந்து ஒரு நீச்சல் தொட்டி வாங்கி வந்தார். குழி தோண்ட வேண்டியதில்லை. தரையில் விரித்து, காற்றடித்து, தண்ணீர் நிரப்பினால் போதும். குறுக்களவு 3 மீட்டர்; ஏறி இறங்க ஒரு சிறு ஏணி. வத்தலக்குண்டு வெயிலில் வாடிக் கிடந்த எங்கள் ஐவருக்கும் மஞ்சளாறே வீட்டுக்கு வந்தது போலிருந்தது.

மொட்டை மாடியில் வைக்கலாம் என்று துள்ளினோம். கட்டட வேலை பார்க்கும் பெரியப்பா, "முதலில் கணக்குப் போடுங்கள்" என்றார். போட்டோம். 60 செ.மீ. உயரத்திற்குத் தண்ணீர் நிரப்பினால் 4,200 லிட்டருக்கு மேல். அதாவது நான்கு டன்னுக்கு மேற்பட்ட பாரம்! சதுர மீட்டருக்கு 600 கிலோ. ஆட்கள் நடமாடும் மொட்டை மாடிக்கு இந்தியத் தர விதிகள் வைத்திருக்கும் கணக்கோ சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோதான். கணிதப் பாடம் அன்று எங்கள் தலைக்கு மேல் இருந்த கூரையைக் காத்தது. மேடு பள்ளமில்லாத கொல்லைப்புறத்தில், மோட்டார் ஒயருக்கு எட்டத் தள்ளித் தொட்டியை வைத்தோம்.

அன்று மாலை ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரிலிருந்து சித்தி தொலைபேசியில் பேசினார். "வேலி போட்டாச்சா?" என்பதே அவருடைய முதல் கேள்வி. அவர் வாழும் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 30 செ.மீ.க்கு மேல் தண்ணீர் பிடிக்கக்கூடிய வீட்டு நீச்சல் தொட்டி எதுவானாலும், காற்றடிக்கும் தொட்டியே ஆனாலும், சுற்றிலும் தடுப்பு வேண்டுமாம். தடுப்பின் உயரம் 1.2 மீட்டருக்குக் குறையக்கூடாது. கதவு தானாகவே மூடித் தாழிட்டுக்கொள்ள வேண்டும். "இந்தக் குட்டைக்கு வேலியா!" என்று நாங்கள் சிரித்தோம்.

மூன்றாம் நாள் எங்கள் சிரிப்பு நின்றது. குளித்து முடித்துச் சாப்பிட உள்ளே போனோம். இரண்டரை வயதுத் தம்பி எங்களோடு வரவில்லை. 'அவள் பார்த்துக்கொள்வாள்' என்று ஒவ்வொருத்தியும் மற்றவளை நினைத்துக்கொண்டோம். ஏணி தொட்டியின் மேலேயே சாய்ந்திருந்தது. வற்றல் எடுக்க வந்த அப்பத்தா கண்டு அலறியபோதுதான் ஓடினோம். தம்பி தண்ணீருக்குள் கிடந்தான். ஒரு சத்தம், ஒரு கூச்சல் எங்களுக்குக் கேட்கவில்லை. தூக்கியதும் இருமினான், பிறகு அழுதான். அந்த அழுகையைப் போல் இனிய ஒலியை நாங்கள் கேட்டதில்லை. மருத்துவமனையில் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். யாரும் எங்களைத் திட்டவில்லை. அதுதான் எங்களால் தாங்க முடியவில்லை.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2021-ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தனர். அவர்களுள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கினர் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகள். நீந்தத் தெரிந்தவர்கள் நீந்தும்போது வரும் ஆபத்து ஒன்று. யாரும் குளிக்காத நேரத்தில் கிடக்கும் தண்ணீரால் சின்னஞ்சிறுசுகளுக்கு வரும் ஆபத்து வேறொன்று. நாங்கள் அதைத்தான் மறந்தோம்.

எங்கள் வீட்டுக்கு எங்களுக்கு நாங்களே விதி எழுதிக்கொண்டோம். குளிக்கும் நேரம் முழுதும் ஒரு பெரியவர் வேறு வேலையின்றி அருகிலேயே இருக்க வேண்டும். யார் என்று பெயர் சொல்லிப் பொறுப்பு ஒப்படைக்க வேண்டும். வெளியே வந்ததும் ஏணியை எடுத்து உயரத்தில் மாட்ட வேண்டும். பொம்மைகளைத் தண்ணீரில் விடக்கூடாது. அவை குழந்தையை அழைக்கும். அன்றன்றே தண்ணீரைத் தென்னைக்குப் பாய்ச்சிவிட வேண்டும். தேங்கிய நீரில் கொசு வளர விடுவது 1939-ஆம் ஆண்டுப் பொதுச் சுகாதாரச் சட்டப்படியும் குற்றமே.

தோழியரே! உங்கள் வீட்டில் நீச்சல் தொட்டி இல்லாதிருக்கலாம். பம்புசெட் தொட்டி இருக்கும். கைப்பிடிச் சுவரில்லாத தோட்டத்துக் கிணறு இருக்கும். மூடியில்லாத தரைத்தொட்டி இருக்கும். இன்று வீட்டுக்குப் போனதும் ஒருமுறை சுற்றிப் பாருங்கள். எங்கள் தம்பி இன்று ஓடி விளையாடுவதற்காக இறைவனுக்கு நன்றி சொல்லி, இதை உங்களுக்கு எழுதுகிறோம்.

— ஒன்பதாம் வகுப்பு மாணவியர் ஐவர்