23-வது தீர்த்தம்!

ராமேஸ்வரம் என்றால் வீட்டுப் பெரியவர்களுக்கு 22 தீர்த்தம். வாளி வாளியாகத் தலையில் ஊற்றுவார்கள். பாவம் போகும். 23-வதாக ஒன்று இருக்கிறது ஸார்! அதை யாரும் ஊற்ற வேண்டியதில்லை. இடுப்பில் ஒரு ராட்சதப் பட்டத்தைக் கட்டிக்கொண்டு, காலில் பலகையை மாட்டிக்கொண்டு, கடலிலிருந்து எகிறிக் குதித்தால் போதும். மூக்கு வழியாகத் தானே உள்ளே வரும். பாவம் போகுமோ இல்லையோ, ஜலதோஷம் நிச்சயம் போகும்.

கைட் சர்ஃபிங்! காற்றடைத்த பட்டத்துக்கு பிரான்ஸைச் சேர்ந்த லெகன்யூ சகோதரர்கள் 1984-லேயே காப்புரிமை கேட்டார்கள். 2024-ல் பாரீஸ் ஒலிம்பிக்ஸ் வரைக்கும் வந்துவிட்டது. இந்தக் கூத்துக்கு ராமேஸ்வரம் தோதான ஊர் என்பதற்கு பாம்பன் பழைய ரயில் பாலமே சாட்சி. காற்று மணிக்கு 58 கிலோமீட்டரைத் தாண்டினால் அப்போதெல்லாம் அங்கே ரயிலையே நிறுத்திவிடுவார்கள். 2025 ஏப்ரலில் புதுப் பாலம் திறந்தாயிற்று. காற்று என்னவோ அதே பழைய காற்றுதான்.

தீவுக்கு ஒரு பக்கம் ஆண் கடல், மறுபக்கம் பெண் கடல். மே முதல் செப்டம்பர் வரை மீனவர்கள் கச்சான் என்று சொல்கிற தென்மேற்குக் காற்று. டிசம்பர் வாக்கில் வாடை. தனுஷ்கோடிப் பக்கம் மணல் திட்டு அலையைத் தடுக்கும், காற்றைத் தடுக்காது. தண்ணீர் டேபிள் மாதிரி தட்டையாக இருக்கும். கற்றுக்கொள்பவனுக்கு சொர்க்கம்! ஒரே சிக்கல், காற்று கரையிலிருந்து கடலுக்குள் தள்ளும். விட்டால் அடுத்த ஸ்டாப் இலங்கை. அதனால்தான் துணைக்குப் படகு இல்லாமல் யாரையும் இறக்க மாட்டார்கள்.

எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு மீனவர் வீட்டுப் பையன். இருபத்து மூன்று வயசு இருக்கும்.

"மேல போறத காத்து பாத்துக்கும்ணே. கீழ வர்றதத்தான் நீங்க பாக்கணும்" என்றான்.

பி.காம். படித்தவனுக்கு இது சட்டென்று புரிந்துவிட்டது. ஏறுவது வரவு, இறங்குவது செலவு. டேலி ஆகாவிட்டால் எலும்பில் துண்டு விழும்!

ஏறுகிற கணக்கு இதுதான். வானத்தை ஒரு கடிகாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் வலது பக்கமாகப் போகிறீர்கள், பட்டம் ஒரு மணியில் நிற்கிறது. குதிகாலால் பலகையின் ஓரத்தைத் தண்ணீரில் நன்றாக அழுத்திக்கொண்டே, பட்டத்தைச் சரேலென்று பன்னிரண்டுக்குத் திருப்ப வேண்டும். கயிறு மேல்நோக்கி இழுக்கும்போது காலால் ஓர் உந்து, கைப்பிடியை நெஞ்சுக்கு இழு... அவ்வளவுதான், நீங்கள் ஆகாயத்தில்! முழங்காலை மடக்கி, கைப்பிடியை விடாமல், பட்டத்தைத் தலைக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும்.

இனிதான் செலவு. கீழே வரும்போது பட்டத்தைப் போகிற திசைப் பக்கமே மறுபடி திருப்பினால், அது முன்னால் இழுத்து, விழுவதை ஓட்டமாக மாற்றிவிடும். பலகையின் மூக்கு காற்று போகிற திசையைப் பார்க்க வேண்டும், முழங்கால் மடங்கியிருக்க வேண்டும். எல்லாம் மூணு நாலு செகண்டில்!

கூட வந்த பேங்க் நண்பர் தடாலடி ஆசாமி. மனைவியிடம் "மதுரை பிராஞ்ச்ல ஆடிட்" என்று சொல்லிவிட்டு வந்தவர். அடுத்த மாதம் தங்கை கல்யாணம் வேறு. மாடி உயரத்துக்கு எழும்பினார். நாங்கள் கைதட்டினோம். உச்சியில் மனுஷன் கீழே பார்த்துத் தொலைத்தார். பயத்தில் கைப்பிடியை நெஞ்சிலிருந்து தள்ளிவிட்டார். தள்ளினால் பட்டம் தூக்குவதை நிறுத்திவிடும். தூக்குவது நின்றால்? நியூட்டன்தான்!

முதுகு தண்ணீரில் அறைந்த சத்தம் கரைக்குக் கேட்டது. பையன் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்கு வயிற்றைக் கலக்கியது. நண்பர் இருமிக்கொண்டே எழுந்தார். மார்பளவுத் தண்ணீர், பிழைத்தார்.

பையனின் கை நடுங்கிக்கொண்டிருந்தது. "முழங்கால் தண்ணியில குதிக்க வேணாம்னு இதுக்குத்தான் சொன்னேன்ணே. நின்னு பழகத்தான் அது. இதே விழுகை அங்க விழுந்திருந்தா, கல்யாணத்துக்கு வண்டியிலதான் போயிருப்பீக."

பலகையில் நிற்கப் பழக ஆழமில்லாத தண்ணீர் தாய்மடி. குதிப்பவனுக்கு அதுவே சிமென்ட் தரை. காற்று போகிற பக்கம் கரை, கம்பம், வலை, வள்ளம், இன்னொரு பட்டம், எதுவும் கிட்டத்தில் இருக்கக்கூடாது. திடீர் திடீரென்று முறுக்கிக்கொண்டு வருகிற காற்றில் குதிக்கவே கூடாது. பட்டத்தைக் கழற்றிவிடும் பிடி எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொட்டுக் காட்டினால்தான் பையன் கடலுக்குள்ளேயே விடுகிறான். நம் ஊர் டிரைவிங் லைசென்ஸுக்கும் இப்படி ஒரு பரீட்சை வைக்கலாம்!

மறுநாள் காலை சீரான காற்று. நண்பர் முதுகில் தைலம் மணக்க மறுபடியும் போனார். இந்த முறை ஒரு முழம்தான் எழும்பினார். பட்டம் திரும்பியது, பலகை மூக்கு நேரானது, முழங்கால் மடங்கியது. சளக்! இறங்கி, அப்படியே ஓட்டிக்கொண்டு போய்விட்டார். பையன் விசில் அடித்தான்.

ராத்திரி வீட்டிலிருந்து போன்.

"ஆடிட் என்னாச்சுங்க?"

"நேத்து கொஞ்சம் இடிச்சுது... இன்னிக்கு டேலி ஆயிடுச்சு!"