பூஜ்யம் சொல்லாதது
சவுத்தாம்ப்டனில் நண்பரின் பாய்மரப் படகு. ஜிபிஎஸ் 5 நாட் காட்டுகிறது. படகின் அடியிலிருக்கும் வேகமானியோ பூஜ்யம் என்கிறது. அதான் ஜிபிஎஸ் இருக்கே, இது எதுக்கு என்று கேட்கலாம். ஜிபிஎஸ் சொல்வது தரையைப் பொறுத்த வேகம். இந்தக் குட்டித் துடுப்புச் சக்கரம் சொல்வது நீரைப் பொறுத்த வேகம். இரண்டையும் ஒப்பிட்டால்தான் நீரோட்டம் நம்மைத் தள்ளுகிறதா, இழுக்கிறதா என்று தெரியும்.

சென்சாரை உள்ளிருந்தே உருவி, பீறிட்ட தண்ணீரை அடைப்பானால் நிறுத்தினோம். சக்கரம் அசையவில்லை. இடுக்கில் ஒரு கொட்டலசு ஒட்டி வளர்ந்திருந்தது. சுரண்டிவிட்டு விரலால் சுழற்றியதும் திரையில் எண்கள் துள்ளின. ஆக, ஒயரும் திரையும் சரி.

துடுப்பிலுள்ள காந்தம் கடக்கும்போதெல்லாம் ஒரு துடிப்பு; அதை எண்ணுவதுதான் மொத்த வேலையும். துடிப்பு வராவிட்டால் பூஜ்யம். நிரலில் 'பூஜ்யம்' வேறு, 'தெரியாது' வேறு. இந்தச் சக்கரத்துக்கு இரண்டும் ஒன்றுதான். பிரித்தறிய ஒரு விரல் வேண்டியிருக்கிறது.