அட்டையில் போட்ட வருஷம்

எங்கள் ஊர்ப் பெயரைச் சொன்னால், கிளைக்குப் புதிதாக மாற்றலாகி வருகிறவர்கள் முதலில் சிரிக்கிறார்கள். அப்புறம், யார் வென்றது என்று கேட்கிறார்கள். எப்போதும்வென்றான். எட்டயபுரத்துக்குத் தெற்கே, தூத்துக்குடி போகிற நெடுஞ்சாலையில் இருக்கிறது. வென்றவன் யார், எதை வென்றான் என்பதற்கு எனக்குத் திருப்தியான பதில் இதுவரை கிடைக்கவில்லை. சாலை நான்கு வழியான பிறகு, தூரத்து பஸ்ஸில் ஏறி ஊர்ப் பெயரைச் சொன்னால் கண்டக்டர் முகம் சுண்டிப் போகிறது. 'அங்கெல்லாம் நிக்காது' என்கிறார். வெற்றி அந்த மட்டில்தான்.

பஸ் நிற்பதும் நிற்காததும் பற்றித்தான் நான் எழுத வந்தது. மாரி செல்வராஜின் 'கர்ணன்' பற்றி ஏதாவது எழுதவேண்டும் என்று படம் பார்த்த நாளிலிருந்து நினைப்பு. உட்காரும்போதெல்லாம், படத்தை விட்டுவிட்டு என்னைப் பற்றி எழுதவேண்டி வரும் என்று தெரிந்து எழுந்துவிடுவேன்.

படம் வெளியானது 2021 ஏப்ரல் 9. சட்டசபைத் தேர்தலின் வாக்குப்பதிவு 6ஆம் தேதி முடிந்திருந்தது. எண்ணிக்கை மே 2. ஜெயித்தது யார் என்று தெரியாமல் நாடு காத்திருந்த நாட்கள். படம் வந்ததற்கு மறுநாள் இரண்டாவது சனிக்கிழமை, வங்கிக்கு விடுமுறை. கொரோனாவுக்காகத் தியேட்டர்களில் பாதி இருக்கை என்ற உத்தரவும் அன்றுதான் தொடங்கிற்று. கோவில்பட்டியில் ஒன்றுவிட்டு ஒரு நாற்காலியாக உட்கார்ந்து பார்த்தோம். பக்கத்தில் ஆள் இல்லாமல் படம் பார்ப்பதில் ஒரு சௌகரியம் உண்டு. எந்த இடத்தில் யார் கை தட்டுகிறார்கள், யார் சும்மா இருக்கிறார்கள் என்பது துல்லியமாகத் தெரிகிறது. நான் கை தட்டவில்லை. விமர்சகன் கை தட்டமாட்டான் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

திரையில் 1997 என்று வருஷம் போட்டார்கள். சண்டை அதில் தொடங்கியது.

பொடியன்குளம் என்று படத்தில் வருகிற ஊர் எந்த ஊரை நினைவில் வைத்தது என்பதில் இந்தப் பக்கத்து ஆட்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. கொடியன்குளம் எங்கள் ஊரிலிருந்து அதிக தூரமில்லை. அங்கே போலீஸ் புகுந்தது 1995 ஆகஸ்ட் 31. அப்போது அ.தி.மு.க. ஆட்சி. தி.மு.க. ஆட்சிக்கு வந்தது 1996 மே மாதம். ஆக 1997 என்று போட்டால் பழி இடம் மாறிவிடுகிறது. உதயநிதி ஸ்டாலின் ட்விட்டரில் இதைச் சுட்டிக்காட்டினார். சில நாளில் வருஷம் போய் 'தொண்ணூறுகளின் பிற்பகுதி' என்று ஆயிற்று. 1995 எப்படிப் பிற்பகுதியாகும் என்று மறுபடியும் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான். இரண்டு வருஷம் கழித்து, உதயநிதியே நடித்த, அதே இயக்குநரின் 'மாமன்னன்' (2023) வந்தது; அதற்குள் அவர் அமைச்சராகியிருந்தார். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நம்மிடத்தில் சினிமாவும் கட்சியும் சம்பந்தி வீடுகள்; மனஸ்தாபம் நெடுநாள் நிற்பதில்லை.

இதற்கு முன்னாலும் இப்படி ஒன்று நடந்தது. கோவில்பட்டிப் பக்கத்துக்காரரான பூமணியின் 'வெக்கை' (1982) நாவலை வைத்து 'அசுரன்' 2019இல் வந்தது. அதிலும் தனுஷ்தான். நாவல், கொலை செய்துவிட்டுத் தகப்பனோடு காட்டிலும் மேட்டிலும் ஒளிந்து திரியும் ஒரு பையனின் சில நாட்கள். அவ்வளவு மௌனமான நாவல் தமிழில் குறைவு. படம் பஞ்சமி நிலத்தைப் பேசிற்று. ஸ்டாலின் பாராட்டினார். உடனே ராமதாஸ், முரசொலி அலுவலகம் இருக்கும் இடம் எப்படிப்பட்டது என்று கேட்டார். அதற்குப் பிறகு பேச்செல்லாம் சென்னையில் ஒரு கட்டிடத்தின் பத்திரத்தைப் பற்றி. கரிசல் காட்டில் பஞ்சமி நிலம் யார் கையில் இருக்கிறது என்ற விஷயம் அப்படியே கிடந்தது.

'கர்ண'னுக்கும் அதே கதி. எங்கள் கிளையில் ஒரு வாரம் மேஜைக்கு மேஜை இதே பேச்சு: யார் ஆட்சி, யார் ஆட்சி. நான் ஒன்றும் பேசவில்லை. எனக்கு 1997இல் வேறொரு ஞாபகம் இருந்தது.

அப்போது எனக்கு எட்டு வயது. சாத்தூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டுப் பெரியப்பாவோடு திரும்பிக்கொண்டிருந்தேன். கோவில்பட்டி பஸ் வந்து நின்றது. புதுப் பெயின்ட். உள்ளே ஜன்னலோர இடமெல்லாம் காலி. நான் ஓடினேன். பெரியப்பா சட்டைக் காலரைப் பிடித்து இழுத்து நிறுத்தினார். கண்டக்டர், 'ஏறுங்க, எடம் கெடக்குல்ல' என்றார். பெரியப்பா அவரைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார். பஸ் போனபின், 'அது நமக்கு இல்லடா' என்றார். சித்திரை கழிந்தும் வெயில் தணியவில்லை. எவ்வளவு நேரம் நின்றோம் என்று தெரியாது. எனக்குத் தாகமாக இருந்தது என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்த பெயர் வீரன் சுந்தரலிங்கம். அந்த வருஷம் தி.மு.க. அரசு விருதுநகரைத் தலைமையிடமாக வைத்துத் தொடங்கிய போக்குவரத்துக் கழகத்துக்கு இட்ட பெயர். சுந்தரலிங்கம் ஓட்டப்பிடாரம் பக்கத்துக் கவர்னகிரிக்காரர்; கட்டபொம்மனின் தளபதிகளில் ஒருவர்; தேவேந்திரகுல வேளாளர். அந்தப் பெயர் எழுதிய வண்டியில் ஏறமாட்டோம் என்று தென் மாவட்டங்களில் சில சாதியார் சொன்னார்கள். பஸ்கள் உடைந்தன, ஆட்கள் செத்தார்கள். முடிவில் அரசு, போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்கள் பெயரையும் எடுத்துவிட்டது. சிதம்பரனார் மாவட்டமாக இருந்த எங்கள் மாவட்டம் தூத்துக்குடி மாவட்டம் ஆனது அப்படித்தான். ஒரு பெயரைப் பொறுக்க முடியாதவர்களுக்காக எல்லாப் பெயரையும் அழித்தார்கள். இதைச் சமத்துவம் என்றும் சொல்லிக்கொள்ளலாம்.

சாத்தூரில் அன்று அடுத்து வந்த வண்டியில் நாங்கள் ஏறினோம். அதில் எழுதியிருந்தது கட்டபொம்மன். ராஜாவின் பஸ்ஸில் ஏறலாம், தளபதியின் பஸ்ஸில் கூடாது. இந்த அபத்தம் எனக்கு உறைத்தது கல்லூரியில் ஆங்கில இலக்கியம் படித்துக்கொண்டிருந்தபோது. அப்போதும் பெரியப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்; அவர் நல்ல மனுஷர், கேட்டால் கோபித்துக்கொள்கிறவர் அல்ல. அதனாலேயே கேட்கவில்லையோ என்னவோ.

ஆகையால் அட்டையிலிருந்த 1997 எனக்குப் பிழையாகத் தோன்றவில்லை. படத்தின் போலீஸ் 1995இலிருந்து வருகிறது; படத்தின் பஸ் 1997இலிருந்து வருகிறது என்றே எடுத்துக்கொண்டேன். இயக்குநர் இதை யோசித்துச் செய்தாரா என்பது எனக்கு முக்கியமில்லை. 1995இலும் கலவரத்தின் தொடக்கம் ஒரு பஸ்தான்: சங்கரன்கோவில் பக்கத்து வீரசிகாமணியில் ஜூலைக் கடைசியில் ஒரு பஸ் டிரைவருக்கும் பள்ளிக்கூடப் பையன்களுக்கும் வந்த தகராறு. அது ஊர் ஊராகப் பரவி, ஒரு மாதத்தில் கொடியன்குளத்துக்கு வந்து சேர்ந்தது. படத்திலும் போலீஸ் அதிகாரிக்கு ஆத்திரம் பொங்குவது உடைந்த பஸ்ஸைவிட அந்த ஊர்ப் பெரியவர்களின் பெயர்களைக் கேட்டுத்தான். துரியோதனன் என்று இவன் எப்படிப் பெயர் வைத்துக்கொள்ளலாம்? சாத்தூரில் பெரியப்பா ரோட்டைப் பார்த்துக்கொண்டு நின்றதும் இதே காரியம்தான். கையில் லத்தி இல்லை, அவ்வளவே. பெயர் விஷயத்தில் இவ்வளவு சரியாக இருக்கிற ஒரு படத்தை, வருஷ விஷயத்தில் மடக்கிவிட்டோம் என்று எல்லோரும் நிம்மதியடைந்தார்கள்.

எனக்கு அந்தப் படத்தோடு உள்ள தகராறு வேறு. பொடியன்குளம் ஏழை ஊர். ஓட்டுவீடும் கழுதையும் குதிரையும் ஆலமரத்தடிச் சீட்டாட்டமுமாக, பார்ப்பதற்கு அழகாகவும் இருக்கிறது. கொடியன்குளம் அப்படிப்பட்ட ஊர் இல்லை. வளைகுடா நாடுகளுக்குப் போய்ச் சம்பாதித்தவர்களின் பணம் வந்த ஊர். கொஞ்சம் தலைநிமிர்ந்துகொண்டிருந்த ஊர். நூற்றுக்கணக்கில் வந்த போலீஸ் உடைத்தது டெலிவிஷன் பெட்டிகளை, மின்விசிறிகளை, தையல் இயந்திரங்களை. எரித்தவற்றில் பாஸ்போர்ட்டுகளும் படித்த பையன்களின் சான்றிதழ்களும் இருந்தன. வறுமையைப் பார்த்து வந்த ஆத்திரமாக இருந்தால் தையல் இயந்திரத்தை எதற்கு உடைக்கவேண்டும்?

நான் காகிதத்தோடு பிழைப்பு நடத்துகிறவன். பாஸ் புத்தகம், பட்டா நகல், ஆதார் ஜெராக்ஸ். கையெழுத்தில் ஒரு சுழி மாறினாலே ஒரு கிழவியைத் திருப்பி அனுப்பவேண்டியிருக்கிற உத்தியோகம். ஒருவனுடைய பாஸ்போர்ட்டை நெருப்பில் போடுவது என்றால் என்ன என்று, இந்த நாற்காலியில் உட்கார்ந்தபின் எனக்குப் புரிகிறது. 'அசுரன்' கடைசியில் தகப்பன் மகனிடம், நிலத்தையும் பணத்தையும் பிடுங்கிக்கொள்வார்கள், படிப்பைப் பிடுங்கமுடியாது என்கிற அர்த்தத்தில் சொல்லும்போது தியேட்டரே எழுந்து நின்று கை தட்டியது. சான்றிதழ் எரிந்தவன் அந்தக் கை தட்டலில் சேர்ந்திருப்பானா? 'கர்ணன்' எடுத்தவருக்கு இது தெரியாமலிருக்காது. ஆனால் வாளெடுத்துக் குதிரையில் வரும் கதாநாயகனுக்குப் பக்கத்தில், எரிந்த பாஸ்போர்ட்டோடு நிற்கிற ஒரு துபாய்க்காரனை வைத்தால் காவியம் கலைந்துபோகும். காவியம்தான் வேண்டும் என்று தீர்மானித்திருக்கிறார். எனக்கு அந்தத் துபாய்க்காரன் வேண்டியிருந்தது.

எங்கள் கிளையில் அப்போது தினக்கூலிக்கு ஒரு பையன் இருந்தான். இருபத்துமூன்று, இருபத்துநான்கு வயது. வவுச்சர் கட்டுவது, டீ வாங்கி வருவது, வரிசையை ஒழுங்குபடுத்துவது. அவனுடைய அம்மா ஊர் கொடியன்குளத்துப் பக்கம் என்று தெரியும். படம் பார்த்தாயா என்று கேட்டேன். பார்த்தேன் சார், மூணு தடவை, என்றான். எப்படி? 'குதிரை சூப்பர் சார். பாட்டும் நல்லாருக்கு.' நான் வேறு எதையோ எதிர்பார்த்தேன் என்பது முகத்தில் தெரிந்திருக்கவேண்டும். எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு சாட்சியைக் கூண்டில் ஏற்றுவதுபோல் அவனை நிறுத்தியிருந்தேன். அவன் சாட்சி சொல்ல வந்தவனல்ல, படம் பார்க்கப் போனவன்.

இரண்டு மூன்று நாள் கழித்து, சாயங்காலம், ஷட்டர் பாதி இறக்கியாயிற்று. கணக்கு துவக்கும் படிவங்களை அடுக்கிக்கொண்டிருந்தவன், அடையாளச் சான்று என்று இருக்கிற இடத்தைப் பார்த்துவிட்டு, 'பாஸ்போர்ட்டு இருந்தா எல்லாத்துக்கும் அது ஒண்ணே போதும்லா சார்?' என்றான். போதும் என்றேன். 'எங்க மாமாட்ட இருந்துச்சு. அப்ப போயிட்டு. பெறவு அவரு போகவே இல்ல. இப்ப ஆடு மேய்க்காரு' என்றான். குரலில் ஒன்றுமில்லை. படிவங்களைத் தட்டிச் சீர்படுத்தி ரப்பர் பேண்டு போட்டான்.

நான் என்ன சொல்வது என்று தெரியாமல் பேனாவை மூடினேன்.

'நீங்க எந்தூரு சார்?' என்று கேட்டான். எட்டு மாதமாக ஒரே அறையில் வேலை செய்கிறோம், அதுவரை கேட்டதில்லை. ஊரைச் சொன்னேன். அவன் சிரிக்கவில்லை, இந்தப் பக்கத்துப் பையன், பெயர் அவனுக்குப் புதிதில்லை.

'அங்க எந்தத் தெரு சார்?'

சொன்னேன். 'சரி சார்' என்றான். படிவக் கட்டைக் கொண்டுபோய் அலமாரியில் வைத்துவிட்டு, மிச்ச ஷட்டரை இறக்கப் போனான்.