காற்று ஓரிடம், கணக்கு ஓரிடம்

தூத்துக்குடியில் தொடங்கி வாஞ்சி மணியாச்சி, திருநெல்வேலி, வள்ளியூர், ஆரல்வாய்மொழி வழியாக நாகர்கோவிலை அடையும் இருப்புப்பாதை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் நீளமுடையது. இதன் வடபகுதி 1876-இல் மீட்டர் பாதையாகத் திறக்கப்பட்டது, திருநெல்வேலிக்குத் தெற்கேயுள்ள பகுதியோ நூறாண்டுக்கு மேல் கழித்து 1981-இல்தான் வந்து சேர்ந்தது. நிலக்கரி, கதிரொளி, காற்று ஆகிய மூன்றையும் நம்பிய தொழில்கள் இவ்வளவு குறுகிய தொலைவுக்குள் அடுத்தடுத்து அமைந்திருப்பது அரிது. ஆகவே தூய ஆற்றல் கொள்கை, அதாவது புகையும் கரியும் குறைந்த மின்னாக்க முறைகளுக்காக வரி, விலை, மின்தடம் ஆகியவற்றில் அரசு வகுக்கும் விதிகளின் தொகுப்பு, யாருக்கு வேலை தருகிறது என்பதை ஆராய இப்பாதை ஏற்றது. காற்று வீசும் ஊருக்கே அதனால் வரும் பிழைப்பும் சேரும் என்ற பொது எண்ணம் இங்கே பெரும்பாலும் பொய்த்துப்போகிறது.

பாதையின் கிழக்கு முனையில் துறைமுகத்தை ஒட்டி நிற்கும் தூத்துக்குடி அனல்மின் நிலையம் 1979 முதல் 1991 வரையிலான காலத்தில் படிப்படியாக எழுப்பப்பட்டது. அதன் ஐந்து அலகுகளும் தலா 210 மெகாவாட் திறன் கொண்டவை. கிழக்குக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து கப்பலில் வந்திறங்கும் நிலக்கரியைக் கையாள்வது, உலைச் சாம்பலை அள்ளிச் சிமெண்ட் ஆலைகளுக்கும் செங்கல் சூளைகளுக்கும் அனுப்புவது, கொதிகலன்களைப் பழுதுபார்ப்பது ஆகிய வேலைகளில் நிரந்தரப் பணியாளரோடு ஒப்பந்தத் தொழிலாளரும் பெருமளவில் இருக்கின்றனர். பழைய அலகுகள் ஒருநாள் நிறுத்தப்படும்போது நிரந்தரப் பணியாளரை மின்வாரியம் வேறு நிலையத்துக்கு மாற்றிக்கொள்ளும். ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவரையோ, லாரியும் உணவுக்கடையும் வைத்து வாயிலில் பிழைப்பவரையோ மாற்றுவதற்கு எந்த ஏட்டிலும் இடமில்லை. எரிபொருள் மாற்றத்தின் சுமை தொழிலாளர் தலையில் மட்டும் விழாதபடி மறுபயிற்சியும் ஈட்டுத்தொகையும் மாற்றுத் தொழிலும் முன்கூட்டியே ஏற்பாடு செய்வதை நியாயமான மாற்றம் என்பர். வடநாட்டுச் சுரங்க மாவட்டங்களைப் பற்றியே அதிகம் பேசப்படும் இக்கருத்து, சுரங்கமே இல்லாத இத்தகைய கடற்கரை நகரங்களையும் உள்ளடக்கியாக வேண்டும்.

இதே நகரின் தெற்குப்புறம் முள்ளக்காட்டில்தான், குஜராத்தின் ஓக்கா, மகாராஷ்டிரத்தின் ரத்தினகிரி ஆகியவற்றோடு, இந்தியாவின் முதல் செயல்விளக்கக் காற்றாலைகள் 1986-இல் நிறுவப்பட்டன. அவை ஒவ்வொன்றும் வெறும் 55 கிலோவாட் திறனுடையவை. இப்போது பேச்சு கடலுக்குள் நகர்ந்திருக்கிறது. குஜராத், தமிழ்நாட்டுக் கடற்பகுதிகளில் தலா 500 மெகாவாட் காற்றாலைகளுக்கும், அவற்றுக்கான துறைமுக மேம்பாட்டுக்கும் சேர்த்து ரூ.7,453 கோடித் திட்டத்துக்கு ஒன்றிய அரசு 2024 ஜூனில் ஒப்புதல் அளித்தது. இத்தொகை செலவாகும்போது துறைமுகத்தில் வேலை பெருகலாம். மன்னார் வளைகுடாவில் வலை விரிப்பவருக்கு அதே கடல் எவ்வளவு திறந்திருக்கும் என்பது தனிக்கேள்வி.

மீளவிட்டான், தட்டப்பாறை நிலையங்களைத் தாண்டிக் கரிசல் நிலத்தின் ஊடே மணியாச்சியை அடையும் பாதை, அங்கே தென்மேற்காகத் திரும்பிக் கங்கைகொண்டானை அடைகிறது. இங்குள்ள சிப்காட் வளாகத்தில் டாடா பவர் குழுமம் ஆண்டுக்கு 4.3 கிகாவாட் அளவுக்குச் சூரிய மின்கலங்களும் தகடுகளும் செய்யும் ஆலையை அமைத்துள்ளது. தொழிலாளரில் பெரும்பான்மையினர் பெண்கள். வெயில் தமிழ்நாட்டில் எங்கும்தான் காய்கிறது. ஆயினும் வேலை இங்கு வந்ததற்கு முதற்காரணம் வெயிலன்று, வரி. 2022 ஏப்ரல் முதல் இறக்குமதித் தகடுகளுக்கு 40 விழுக்காடும் மின்கலங்களுக்கு 25 விழுக்காடும் சுங்கவரி விதிக்கப்பட்டதும், அங்கீகரிக்கப்பட்ட உற்பத்தியாளர் பட்டியலில் உள்ளவற்றையே அரசுத் திட்டங்களில் பயன்படுத்த வேண்டும் என்ற விதியும் சேர்ந்து, உள்நாட்டில் ஆலை கட்டுவதை இலாபமாக்கின. பீடி சுற்றுவதே பெண்களின் முதன்மைக் கூலி வேலையாக இருந்துவரும் வட்டாரத்தில் மாதச் சம்பளம் தரும் ஆலை சிறிய செய்தியன்று. மின்கலம் செய்யத் தூய நீர் மிகுதியாக வேண்டும் என்பதும், தாமிரபரணி நீரை ஆலைகளுக்குத் தருவது குறித்து இவ்வூரில் முன்பே போராட்டம் நடந்திருக்கிறது என்பதும் அதனுடன் சேர்த்து எண்ணத்தக்கவை.

திருநெல்வேலியைக் கடந்து நாங்குநேரி, வள்ளியூர், பணகுடி எனத் தெற்கே செல்லச் செல்ல, ஊர்மக்கள் காத்தாடி என்றழைக்கும் எந்திரங்கள் இருபுறமும் நெருங்குகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலை தாழ்ந்து விலகும் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கப்பட்டு விரைவதால், மே முதல் அக்டோபர் வரை இங்கே மின்னாக்கம் உச்சத்தில் இருக்கும். எனினும் 1990-களிலிருந்து இவ்வெந்திரங்களை நட்டவர்களை ஈர்த்தது காற்று மட்டுமன்று. விரைவுத் தேய்மானம் என்னும் வரிச்சலுகை, எந்திரத்தின் விலையில் பெரும்பகுதியை, ஒரு காலத்தில் முழுவதையும், பின்னர் 80 விழுக்காட்டையும், முதலாண்டிலேயே செலவாகக் கணக்கெழுதி வரியைக் குறைத்துக்கொள்ள அனுமதித்தது. அதனால் மின்தொழிலோடு தொடர்பே இல்லாத நிறுவனங்களும் காற்றாலை வாங்கின. மின்னாக்கத்தின் அளவுக்கன்றி நட்டதற்கே பலன் தரும் சலுகை என்று அதைக் குறைகூறியவர்கள் சொன்னது பெரிதும் சரியே.

இரண்டாவது காரணம் மின் சேமிப்பு வசதி. கோவை, திருப்பூர் வட்டார நூற்பாலை ஒன்று கணவாயை ஒட்டிய முப்பந்தலில் எந்திரம் நட்டு, பருவகாலத்தில் உற்பத்தியாகும் யூனிட்டுகளை மின்வாரியத்தின் கம்பியில் செலுத்திவிட்டு, காற்றில்லாத மாதங்களில் தன் ஆலையில் எடுத்துக்கொள்ளும். இதற்கு வாரியம் பெறும் கட்டணம் காலப்போக்கில் உயர்ந்துகொண்டே வந்தது. மின்வெட்டு கடுமையாக இருந்த ஆண்டுகளில் ஆலைகளின் கதிர்கள் நிற்காமல் சுழன்றதற்கு இவ்வேற்பாடு பெரிதும் உதவியது. சென்னை பெரம்பூரின் ரயில்பெட்டித் தொழிற்சாலையும் திருநெல்வேலிப் பகுதியில் 10.5 மெகாவாட் காற்றாலைகளை வைத்துத் தன் தேவையை ஈடுசெய்துகொள்கிறது. ஆகவே காற்றாலைகளால் காப்பாற்றப்பட்ட வேலைகளை எண்ணப் புகுபவர் எந்திரங்கள் நிற்கும் ராதாபுரம் வட்டத்தில் தேடினால் சிலவற்றையே காண்பார். கொங்கு நாட்டின் நூற்பாலைகளில் தேடினால் மிகப் பலவற்றைக் காண்பார்.

உள்ளூருக்குக் கிடைத்தது நிலவிலை. உடைமரமும் பனையும் நின்ற மானாவாரிப் புஞ்சைகள் தரகர் வழியாகக் கைமாறின. எந்திரத்தின் அடித்தளத்துக்குச் சிறிது நிலமே தேவைப்படுமாதலால் பல இடங்களில் ஆடு மேய்ப்பு தொடர்ந்தது, ஆனால் மேய்ப்பவர் இப்போது அந்நிலத்துக்கு உரியவரல்லர். குத்தகையாக விட்டிருந்தால் ஆண்டுதோறும் வந்திருக்கக்கூடிய வருமானம், விற்றதால் ஒரே தவணையில் முடிந்துபோயிற்று. எந்திரம் நிறுவும் மாதங்களில் கிரேனுக்கும் லாரிக்கும் கொத்தனாருக்கும் வேலையிருக்கும்; அதன்பின் எஞ்சுவது காவலாளி வேலையும், ஐடிஐ படித்த இளைஞருக்கான பராமரிப்பு வேலையும்தான். பின்னது உயரத்தில் ஏறும் துணிவும் தேர்ச்சியும் கேட்பது. நிலையானதும் ஓரளவு மதிப்பானதும் அதுவே.

அந்த நிலைத்தன்மையும் தில்லியின் முடிவுகளைப் பொறுத்தது. விரைவுத் தேய்மானம் 2012-இல் நிறுத்தப்பட்டது, 2014-இல் மீண்டது, 2017-இல் 40 விழுக்காடாகக் குறைந்தது. அதே 2017-இல், ஒழுங்குமுறை ஆணையம் நிர்ணயிக்கும் விலைக்குப் பதிலாக, குறைந்த விலை கேட்பவருக்கே திட்டம் என்னும் ஏலமுறை வந்தபோது யூனிட் விலை பிப்ரவரியில் ரூ.3.46 ஆகவும் டிசம்பரில் ரூ.2.43 ஆகவும் சரிந்தது. நாடு முழுவதும் 2016-17-இல் சுமார் 5,500 மெகாவாட் நிறுவப்பட்டிருக்க, அடுத்த நிதியாண்டில் 2,000 மெகாவாட்கூட எட்டவில்லை. மின்நுகர்வோருக்கு நன்மை தந்த இம்மாற்றம், இடைவிடாத வேலையை நம்பியிருந்த எந்திரத் தொழிற்சாலைகளையும் சிறு ஒப்பந்தக்காரர்களையும் ஒரே ஆண்டில் நிலைகுலைத்தது. படிப்படியாக மாறியிருந்தால் இவ்வளவு சேதம் நேர்ந்திருக்காது.

காவல்கிணற்றுக்குப் பின் கணவாய்க்குள் நுழையும் பாதையில், முதல் தலைமுறையின் சிறிய எந்திரங்கள் நாட்டின் மிகச் சிறந்த காற்றுள்ள நிலத்தை இன்னும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அவற்றை அகற்றிப் பெரியவற்றை நடுவதை மறுதிறனூட்டல் என்பர். தமிழ்நாடு அரசு அதற்கெனத் தனிக் கொள்கையை 2024-இல் வெளியிட்டது. 250 கிலோவாட் எந்திரங்கள் பத்தின் திறனை 2.5 மெகாவாட் எந்திரம் ஒன்றே தருமாதலால் மின்சாரம் பெருகும். ஆனால் பத்து எந்திரங்களுக்கு வேண்டிய காவலும் பராமரிப்பும் ஒன்றுக்கு வேண்டியதில்லை. மறுபுறம், பழைய இறகுகளையும் கோபுரங்களையும் கழற்றிப் பிரிப்பதும், எளிதில் மக்காத கண்ணாடியிழை இறகுகளை அப்புறப்படுத்துவதும் புதிய தொழில்களாகும். தோவாளையின் பூச்சந்தைக்கு அப்பால் பாதை முடியும் நாகர்கோவிலைச் சுற்றிப் பொறியியல் கல்லூரிகளுக்கும் தொழிற்பயிற்சி நிலையங்களுக்கும் குறைவில்லை. இறகுப் பழுதுநீக்கத்தையும் உயரப் பணிப் பாதுகாப்பையும் அங்கே பாடமாக்கி, மறுதிறனூட்டலுக்கு அனுமதி கேட்கும் நிறுவனங்கள் அப்பயிற்சி பெற்ற உள்ளூரினரைச் சேர்க்க வேண்டும் என்று அனுமதி ஆணையிலேயே எழுதுவதற்குப் பெருஞ்செலவு ஏதும் ஆகாது.