ஒரே ரூட்டர், ரெண்டு குடித்தனம்

லேப்டாப்பை பேக்கப் எடுப்பது பற்றி எழுதுகிறவர்கள் ஏனோ ஒண்டிக்கட்டைகளை மனதில் வைத்தே எழுதுகிறார்கள். ஓர் ஆள், ஒரு லேப்டாப், ஒரு ஹார்ட் டிஸ்க், முடிந்தது கதை. எங்கள் வீடு அப்படி இல்லை. மாடியில் அண்ணன் குடும்பம், கீழே நாங்கள். சமையல் தனித்தனி, தண்ணீர் மோட்டாரும் நெட் கனெக்ஷனும் பொது. மாடிப்படி திரும்பும் இடத்தில் ஆணியில் தொங்கும் ஒரே ரூட்டரை நம்பி அத்தனை போன்களும் லேப்டாப்புகளும், ரெண்டு டிவியும், வாசல் கேமராவும் இருக்கின்றன. இங்கே நான் பேக்கப் போட்டால் முதலில் கண்டுபிடிப்பவன் மாடியில் இருக்கும் அண்ணன் மகன்.

"சித்தப்பா, பிங் முந்நூறு காட்டுது. கிளவுடுக்கு ஏத்துறீங்களா?"

அவன் விளையாடும்போது, சேதி போய்த் திரும்ப ஆகும் நேரத்தைக் காட்டும் ஓர் எண், பிங், திரையின் மூலையில் ஓடிக்கொண்டே இருக்கும். சாதாரணமாக 30, 40. நான் போட்டோக்களை ஏற்ற ஆரம்பித்ததும் சிவப்பாகி நூறுகளில் ஏறிவிடும். நான் ஏற்றுகிறேன், வீட்டில் மற்றவர்கள் இறக்குகிறார்கள், இதில் அவர்களுக்கு என்ன இடைஞ்சல் என்று தோன்றும். ஆனால் அவன் துப்பாக்கி விசையை அழுத்துகிற சேதியும் ஏற்றும் பாதையில்தான் போயாக வேண்டும். அண்ணி பார்க்கும் சமையல் வீடியோகூட, வந்து சேர்ந்தது என்ற சின்னச் சின்ன ஒப்புகைகள் உடனுக்குடன் திரும்பிப் போனால்தான் தடங்கலின்றி இறங்கும்.

இந்த வியாதியைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டியதும் இப்படி வீட்டில் ஃபைல் நகலெடுத்த ஒருவர்தான். எக்ஸ் விண்டோ சிஸ்டத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான ஜிம் கெட்டிஸ் 2010-இல் தன் வீட்டிலிருந்து பழைய கோப்புகளை வெளியே அனுப்பும்போது நெட் தவழ்வதைப் பார்த்துக் காரணத்தைத் தோண்டினார். நினைவகச் சில்லுகள் மலிவானதால் மோடம், ரூட்டர் செய்பவர்கள் வரும் தரவையெல்லாம் தேக்கிவைக்கும் இடத்தை இஷ்டத்துக்குப் பெருக்கிவிட்டிருந்தார்கள். திருப்பதியில் யாரையும் திருப்பி அனுப்பாமல் கூண்டு கூண்டாக அடைத்துவைப்பதைப் போல இதுவும் எதையும் தள்ளிவிடாமல் வரிசையில் நிறுத்துகிறது. என் கல்யாண வீடியோ முன்னால் நிற்க, அண்ணன் மகனின் ஒரு துளிச் சேதி அதன் பின்னால் நிற்கிறது. இதற்கு பஃபர்ப்ளோட் என்று பெயர். கேத்லீன் நிக்கல்ஸும் வான் ஜேக்கப்சனும் 2012-இல் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். அதன் வழிவந்த முறை ஒவ்வொரு உரையாடலுக்கும் தனி வரிசை போட்டு, சின்னவர்களைக் காக்கவைக்காமல் அனுப்புகிறது. நல்ல ரூட்டர்களில் எஸ்க்யூஎம் என்ற பெயரில் இருக்கும். நெட் கம்பெனி இலவசமாக மாட்டிவிட்டுப் போகிற பெட்டிகளில் பெரும்பாலும் இருக்காது.

அது இல்லாதவர்களுக்கு எளிய வழி, பேக்கப் மென்பொருளிலேயே வேகத்துக்குக் கடிவாளம் போடுவது. ஏற்றும் வேகத்தில் முக்கால் பங்குக்கு மேல் எடுக்காதே என்று வைத்துவிட்டால் வரிசையே சேராது. ராத்திரி ஓடவிடலாம் என்பார்கள். சொல்கிறவர்கள் மறக்கிற விஷயம், மூடியை மூடிவிட்டுப் படுத்தால் லேப்டாப்பும் கூடவே தூங்கிவிடும்.

வீட்டுக்குள்ளேயே பொதுவாக ஒரு டிஸ்க் வைத்துக்கொள்வது அடுத்த யோசனை. ஆப்பிள் 2008-இல் ரூட்டரையும் ஹார்ட் டிஸ்க்கையும் ஒரே பெட்டியில் வைத்து டைம் கேப்ஸ்யூல் என்று விற்றது. 2018-இல் கைவிட்டது. இன்று பல ரூட்டர்களின் முதுகில் ஒரு யூஎஸ்பி துளை இருக்கிறது; டிஸ்க்கைச் செருகினால் எல்லா லேப்டாப்பிலும் தெரியும். வசதிதான். ஆனால் காற்று எல்லோருக்கும் ஒன்றே. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். சிக்னல் மங்கிய கடைசி அறையில் உட்கார்ந்து பேக்கப் எடுப்பவர் மெதுவாகப் பேசுவதால், மற்ற எல்லோருடைய நேரத்தையும் சேர்த்துத் தின்கிறார். டிஸ்க்கும் வைஃபையிலேயே இருந்துவிட்டால் இன்னும் மோசம்: ஒவ்வொரு பைட்டும் லேப்டாப்பிலிருந்து ரூட்டருக்கு ஒரு தரம், ரூட்டரிலிருந்து டிஸ்க்குக்கு ஒரு தரம் என்று ரெண்டு முறை காற்றில் பறக்க வேண்டும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ஜிபி இருக்கிறது, வைஃபையில் நொடிக்கு 5 மெகாபைட் கிடைக்கிறது என்றால் 22 மணி நேரம். ஒரு நாள் முழுக்க வீடே உங்களைத் திட்டும். பழைய 100 மெகாபிட் கேபிள் துளை நொடிக்குப் பன்னிரண்டரை மெகாபைட் தரும். ஒன்பது மணி நேரத்தில் முடியும், காற்றையும் தொடாது. அதனால் முதல் பேக்கப்பை மட்டும் மாடிப்படியில் ஒரு ஸ்டூல் போட்டு, கேபிள் செருகி எடுப்பதே மரியாதை. எல்லோரும் லேப்டாப்பைத் தாண்டித் தாண்டிப் போவார்கள், போகட்டும். பிறகு மாறியது மட்டும்தான் போகும். ஆஸ்திரேலியாவின் ஆண்ட்ரூ ட்ரிட்ஜெல், பால் மெக்கெராஸுடன் சேர்ந்து 1996-இல் வெளியிட்ட ஆர்சிங்க் ஒரு படி மேலே. ஃபைலைத் துண்டு துண்டாகப் பிரித்து, இரு முனையிலும் துண்டுகளின் அடையாள எண்களை ஒப்பிட்டு, வேறுபடுகிற துண்டை மட்டும் அனுப்பும். பெரிய ஃபைலில் நாலு வரி மாற்றினால் மாற்றம் இருக்கும் துண்டுகள்தான் பயணப்படும்.

வேகத்தைவிட எனக்குக் கவலை, யார் கண்ணில் படுகிறது என்பது. அண்ணன் தன் டிஸ்க்கை ரூட்டரில் செருகிய சில நாளில் அம்மா சீரியல் தேடி ரிமோட்டை அழுத்த, ஹால் டிவியில் அண்ணனுடைய பான் கார்டு, வீட்டுக்கடன் பத்திரத்தின் பக்கங்கள், ஏதோ ஒரு மருத்துவ ரிப்போர்ட் எல்லாம் சின்னச் சின்னப் படங்களாக வரிசைகட்டி நின்றன. பல ரூட்டர்கள் செருகிய டிஸ்க்கில் இருக்கும் படங்களையும் வீடியோவையும் தாமாகவே டிவிக்குப் பரிமாறும். மீடியா சர்வர் என்ற அந்த வசதியைத் தேடிப் போய்த்தான் நிறுத்த வேண்டும். "என்னடா இது, உனக்கு சுகர் இருக்கா?" என்று அம்மா கேட்டார். அண்ணிக்கே அப்போதுதான் தெரியும்.

ஆகவே பூட்டு வேண்டும். பேக்கப் மென்பொருளிலேயே என்கிரிப்ட் செய்யச் சொல்லிவிட்டால், டிஸ்க் பொதுவில் கிடந்தாலும் உள்ளே இருப்பது மற்றவர்களுக்கு வெறும் இரைச்சல். வீட்டார் மேல் நம்பிக்கை இல்லையா என்று கேட்பார்கள். நம்பிக்கை இருக்கிறது, அவர்களுடைய லேப்டாப்பின் மேல்தான் இல்லை. 2017 மே மாதம் வானாக்ரை என்ற தீநிரல் உலகத்தையே உலுக்கியபோது ஒரு கணினியிலிருந்து அதே நெட்வொர்க்கில் இருந்த இன்னொன்றுக்கு யாரும் எதையும் கிளிக் செய்யாமலே தாவியது. ஃபைல்களைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் இந்த ரகப் பணயத் தீநிரல்கள் லேப்டாப்பில் திறந்திருக்கும் பொது டிஸ்க்கையும் விடுவதில்லை. என்கிரிப்ட் செய்த பேக்கப்பின் மேலும் இன்னொரு பூட்டைப் போட்டுவிட்டுப் போகும். அண்ணன் மகன் எங்கிருந்தோ இறக்கிய ஓசி விளையாட்டு போதும் இதற்கு. ஆளுக்கொரு கணக்கு, ஆளுக்கொரு ஃபோல்டர், அடுத்தவர் ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை என்று பிரித்துவைத்தோம். அதோடு, எந்த நெட்டிலும் மாட்டாத இன்னொரு டிஸ்க்கும் பீரோவில் இருக்கிறது.

பீரோவும் போதாது என்பதைச் சென்னைக்காரர்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. 2015 டிசம்பரில் முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் வீடுகளுக்குள் தண்ணீர் ஏறியபோது லேப்டாப்பும் ஹார்ட் டிஸ்க்கும் ஒரே மேசையில்தான் மூழ்கின. மூன்று பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு இடத்தில் என்று பீட்டர் க்ரோ என்ற புகைப்படக்காரர் பிரபலப்படுத்திய விதியில் அந்தக் கடைசிச் சொல்தான் உயிர்நாடி. கிளவுட் அதற்குத்தான், ஆனால் எங்கள் வீட்டில் பிங் பிரச்சினை இருக்கிறதே. அதனால் ஊருக்குப் போகும்போதெல்லாம் திருச்சியில் அக்கா வீட்டில் ஒரு டிஸ்க்கை வைத்துவிட்டு, போன தரம் வைத்ததை எடுத்து வருகிறேன்.

இதைப் பார்த்துவிட்டு அத்தான், "மாப்ளே, என்னோடதையும் உங்க வீட்டுல வெச்சிடு" என்று பொங்கலுக்கு ஒரு டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினார். பூட்டியிருக்கிறாராம், பாஸ்வேர்டு தனக்கும் அக்காவுக்கும் மட்டும்தான் தெரியும் என்று பெருமையாகச் சொன்னார். நல்ல ஏற்பாடு. ஏதாவது ஆகிவிட்டால் திறக்க இன்னொரு ஆள் வேண்டும். என் பாஸ்வேர்டையும் மனைவி ஒரு காகிதத்தில் எழுதி நகைப்பெட்டியில் வைத்திருக்கிறாள். பஸ் ஏறுவதற்கு முன் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, பாஸ்வேர்டை எங்கேயாவது எழுதி வைத்திருக்கிறாயா என்று கேட்டேன்.

"எந்த பாஸ்வேர்டுடா?" என்றாள்.