சுவரின் வெளிப்பக்கம்

நோன்புக்கு முன்னர் குசினிக்குப் பெயின்ட் பூசுவது எங்கள் வீட்டு வழக்கம். ஜன்னலுக்கு மேலே கறுப்பாய்ப் படர்ந்த பூஞ்சணமும், அதன் நடுவே செம்மண் நீர் வடிந்ததுபோல் இறங்கிய கறள் கறையும் அன்றோடு மறையும். நோன்பு யூலை, ஓகஸ்ட்டில் வந்த வருடங்களில் தம்புள்ளையில் வெயில் காலம். பெருநாளைக்கும் சுவர் பளிச்சென்றிருக்கும். ஒக்டோபரில் மழை தொடங்கி மார்கழியில் அடைமழையாகும்போது, அதே இடத்தில் அதே கறை எழும்பி வரும். கூடவே உம்மாவுக்கு இழுப்பும் வரும்.

"மேல மேல பூசினா சொவருக்கு சொகமாகுமா மகன்?" என்று கேட்பார்.

தெரிந்துகொண்டுதான் பூசினேன். 2012 ஏப்ரல் 20, ஒரு வெள்ளிக்கிழமை, தம்புள்ளைப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அதன் பிறகு சுவரை உடைத்துப் பார்க்க மனம் வரவில்லை. இருப்போமோ கிளம்புவோமோ என்றிருந்த வீட்டில் யார் பணத்தைக் கொட்டுவார்? ஒரு வாளிப் பெயின்ட் போதுமென்று வருடங்களைக் கடத்தினேன்.

சென்ற மாரியில் உம்மாவை மூன்று இரவுகள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்தோம். வீட்டுக்கு வந்ததும் மேசன் பாஸைக் கூப்பிட்டேன். பக்கத்து ஊர்ச் சிங்களவர், அறுபது தாண்டியவர். கறையைத் தொட்டும் பார்க்கவில்லை.

"மழை வரட்டும் சேர். வெளியே நின்று பார்ப்போம்" என்றார் சிங்களத்தில்.

மறுநாள் குடை பிடித்து நின்று பார்த்தோம். ஜன்னலுக்கு மேல் நீட்டியிருந்த கொங்கிறீட் தட்டின் விளிம்பில் நீர் சொட்டவில்லை. தட்டின் அடியை ஒட்டியே உள்ளே ஓடிச் சுவரில் இறங்கியது. வாப்பா கட்டிய நாளிலிருந்தே அப்படித்தான் இறங்கியிருக்கிறது. ஈரம் உள்ளிருந்த கம்பியை எட்டியிருக்கிறது. கறள் பிடித்தால் கம்பி பருக்கும். கொங்கிறீட்டை உள்ளிருந்தே வெடிக்க வைக்கும். அந்த வெடிப்பால் இன்னும் நீர் போகும். ஈரம் நின்றால்தான் பூஞ்சணம் போகும். அதற்குமுன் எதைப் பூசினாலும் வீண்.

"விகாரைப் பாறையில் கோடு வெட்டியிருப்பதைக் கண்டிருக்கிறீர்களா சேர்?" என்றார் பாஸ்.

பிள்ளைகளை அழைத்துப்போய்ப் பலமுறை கண்டிருக்கிறேன். குகைகளுக்கு மேலே, பாறையின் நெற்றியில் வெட்டிய விளிம்பு. பாறையில் வழியும் மழைநீர் அந்த இடத்தில் அறுந்து வெளியே விழும். ஈராயிரம் வருடங்களுக்கு முன்னர், குகைகளில் தங்கிய துறவிகள் நனையாதிருக்கச் செய்த வேலை. 1991இல் உலக மரபுரிமையான இடம் என்று வகுப்பில் சொல்லிக் கொடுக்கிறேன். என் ஜன்னலுக்கு மேல் அந்த ஒரு கோடு இல்லையென்பது தெரியாமலிருந்தேன்.

மழை விட்டபின் பாஸ் தட்டின் அடியில், விளிம்போரமாக ஒரு விரல் அகலத்துக்குக் காடி வெட்டினார். வெடித்த சீமெந்தைக் கொத்தி, கம்பியைக் கறள் போகத் தேய்த்து, தடுப்புப் பூச்சுப் பூசி மூடினார். பூஞ்சணம் பிடித்த சாந்தையும் உரித்தெடுத்தார். தூசு அடங்கும் வரை உம்மா ராத்தா வீட்டிலிருந்தார். சுவர் நன்றாகக் காயும்வரை ஒன்றும் பூசவேண்டாமென்று பாஸ் சொல்லிவிட்டார். பிறகு சுண்ணாம்பு மட்டும் அடித்தோம். அதன் காரத்தில் பூஞ்சணம் லேசில் பிடிக்காது, உள்ளீரமும் வெளியேறும்.

கூலியை வாங்கிக்கொண்டு, "இனிப் பயமில்லாமல் இருங்கள் சேர்" என்றார். அவர் சுவரைத்தான் சொன்னார். எனக்கு அது சுவருக்கு மட்டுமாகக் கேட்கவில்லை.

சுண்ணாம்புக்கு மேலும் மங்கலாக ஒரு பழைய கறை தெரிகிறது. அதைச் சுற்றிப் பென்சிலால் கோடு போட்டுத் திகதி எழுதி வைத்திருக்கிறேன். இந்த மாரி தொடங்கியதிலிருந்து, சுபஹு தொழுததும் உம்மா போய் நிற்பது அங்கேதான்.

"கோட்டுக்குள்ளதான் இரிக்கி மகன், அல்ஹம்துலில்லாஹ்."