மூணு மூட்டை மல்லாட்டையும் ஒரு தட்டு மிட்டாயும்

எங்க பக்கத்துல வேர்க்கடலைக்கு மல்லாட்டைன்னு பேரு. மணிலாக் கொட்டைங்கறது மல்லாக்கொட்டை ஆகி, அதுவும் தேஞ்சு மல்லாட்டை ஆயிடுச்சு. திண்டிவனம், விழுப்புரம், திருவண்ணாமலைன்னு எந்தச் சந்தைக்குப் போனாலும் இந்தப் பேரு செல்லும். நீங்க கடலை மிட்டாய்னு வாங்குறது எங்க வீட்ல மல்லாட்டை மிட்டாய். கார்த்திகை தீபத்துக்குப் பொரி உருண்டையோட இதையும் போடுவோம். இந்த வருஷமும் போட்டோம். எப்படிப் போடறதுன்னு சொல்றேன். ஆனா பாகுக்குப் போறதுக்கு முன்னாடி கொட்டையைப் பத்திப் பேசியாகணும். இந்த வருஷம் எங்களுக்குப் பெரிய வேலையே அதுலதான் இருந்துச்சு.

ஆடியில ஒரு ஏக்கர் விதைச்சோம், மானாவாரி. 105 நாள் பயிர். மல்லாட்டை கொஞ்சம் விசித்திரமான செடிங்க. பூ மேல பூக்கும், காய் மண்ணுக்குள்ள பிடிக்கும். பூவுலேர்ந்து ஊசி மாதிரி ஒரு விழுது இறங்கி மண்ணைக் குத்திக்கிட்டு உள்ள போகும், அதோட நுனியிலதான் காய். அந்தக் காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைத் தானே மண்ணுலேர்ந்து எடுத்துக்கும். அதனாலதான் 40, 45 நாள்ல ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு மண் அணைக்கறது. போடலைன்னா ஓடு பெருசா இருக்கும், உடைச்சா உள்ள பொக்கா இருக்கும்.

ஐப்பசி கடைசியில பிடுங்கினோம். 40 கிலோ மூட்டைக் கணக்குல 18 மூட்டை. அதுல 15 மூட்டை நல்ல வெயில்ல காஞ்சுது. கடைசியாப் பிடுங்கின மூணு மூட்டைக் காய் செடியோட கொல்லையில கிடக்கும்போது மழை பிடிச்சுக்கிச்சு. மூணு நாள் விடலை. தார்ப்பாய் போட்டு மூடினோம், ஆனா கீழேயிருந்து ஏர்ற ஈரத்தை எதைப் போட்டு மூடறது? மழை விட்டதும் அந்த மூணு மூட்டையைத் தனியாக் காய வச்சோம். காஞ்ச காயைக் குலுக்கினா கலகலன்னு சத்தம் வரணும், பருப்பைத் தேய்ச்சா தோல் கழலணும். ரெண்டும் வந்துச்சு. ஆனா உடைச்சுப் பார்த்தா பத்துக்கு மூணு நாலு பருப்பு கறுத்து, சிலதுல மஞ்சளும் பச்சையுமாத் தூள் மாதிரி பூஞ்சணம்.

இந்தப் பூஞ்சணத்தைச் சாதாரணமா நினைக்கக் கூடாதுங்க. இது வளர்ற பருப்புல அஃப்ளாடாக்சின்னு ஒரு விஷம் உண்டாகும். 1960-ல இங்கிலாந்துல ஒரு லட்சத்துக்கு மேல வான்கோழிங்க செத்துப் போச்சு. காரணத்தைத் தேடிக்கிட்டே போனப்ப, தீவனத்துல கலந்திருந்த பிரேசில் மல்லாட்டைப் புண்ணாக்குல வந்து நின்னுது. அப்பத்தான் இந்த விஷத்தையே கண்டுபிடிச்சாங்க. மனுஷனுக்கு இது கல்லீரல் புற்றுநோய் வரைக்கும் கொண்டு போகும். வறுத்தாலும் முழுசாப் போகாது. எண்ணெய் ஆட்டினா விஷத்துல பெரும்பங்கு புண்ணாக்குல தங்கும். அதை மாடு தின்னா பால்ல வரும். இதெல்லாம் எனக்கு வேளாண்மைப் பயிற்சியில சொல்லிக் கொடுத்தது.

கொட்டை வாங்க வந்த வியாபாரி மூணு மூட்டையையும் கையை விட்டுப் பார்த்தாரு. "அண்ணே, இதையும் போடுங்க, பாதி விலைக்கு எடுத்துக்கறேன். ஆட்டறவங்க வாங்கிப்பாங்க"ன்னாரு. அவரை நான் குறை சொல்லலை. நான் கொடுக்கலைன்னா அடுத்த ஊர்ல வாங்கப் போறாரு. நாளைக்குச் சொல்றேன்னு அனுப்பிட்டேன்.

அன்னைக்கு ராத்திரி வீட்ல சண்டை. "பிடுங்கின கூலி, காய் ஆஞ்ச கூலி எல்லாம் நம்ம கையிலேர்ந்து போயிருக்கு. ஊரே போடுது, நாம போட்டா மட்டும் என்னாங்க?"ன்னு எங்க வீட்டம்மா கேட்டாங்க. அவங்க கேட்டதுல நியாயம் இருக்கு. விதைக்குக் கொடுத்ததே இன்னும் பாக்கி. பயிற்சியில சொன்னதைத் திருப்பித் திருப்பிச் சொல்றதைத் தவிர எங்கிட்ட வேற பதில் இல்லை. கூலி கொடுக்கற பொம்பளைக்கு அந்தப் பதில் போதாது.

மறுநாள் காலையில அவங்களே திண்ணையில உக்காந்து அந்த மூட்டையிலேர்ந்து ஒரு முறம் எடுத்து உடைச்சுப் பார்த்துக்கிட்டிருந்தாங்க, எவ்வளவு தேறும்னு. லீவுக்கு வந்திருந்த பேத்தி பக்கத்துல வந்து உக்காந்து ஒரு பருப்பை எடுத்து வாயில போடப் போனா. எங்க வீட்டம்மா அவ கையைத் தட்டிவிட்டாங்க. பருப்பு முத்தத்துல போய் விழுந்துச்சு. புள்ள திருதிருன்னு முழிக்குது. இவங்களும் ஒரு நிமிஷம் பேசலை. அப்புறம், "வியாபாரிக்குப் போன் போட்டு வேணாம்னு சொல்லிடுங்க"ன்னாங்க.

வேலி ஓரமா, கொல்லைக்கு எட்ட, குழி தோண்டி மூணு மூட்டையையும் புதைச்சோம். ஆட்டுக்கும் போடலை, மாட்டுக்கும் போடலை. 120 கிலோ காய். தள்ளி விடும்போது மனசு என்னவோ பண்ணத்தான் செஞ்சுது.

மீதி 15 மூட்டையில 13 கமிட்டிக்குப் போச்சு. ரெண்டை விதைக்கும் வீட்டுக்கும் நிறுத்திக்கிட்டோம். வீட்டுக்குன்னு வச்சதைக் கையாலதான் உடைப்போம். மிஷின்ல போடறதுன்னா ஓடு இளகட்டும்னு தண்ணி தெளிப்பாங்க, அந்த ஈரமே பூஞ்சணத்துக்குப் போதும். உடைச்சதை முறத்துல பரப்பிக் கறுத்தது, சுருங்கினது, முளை விட்டது, ஓட்டை விழுந்தது எல்லாத்தையும் பொறுக்கணும். நல்லாக் காஞ்ச மூட்டையிலயும் இது இல்லாம இருக்காது.

இனி மிட்டாய். பொறுக்கின பருப்பு 1 கிலோ, வெல்லம் முக்கால் கிலோ. இரும்பு வாணலியில ஆத்து மணலைச் சூடாக்கி, பருப்பைக் கொட்டி, சின்னத் தீயில வறுக்கணும். மணல்ல வறுத்தா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வேகும். தீ பெருசானா தோல் கருகி உள்ள பச்சையா நிக்கும். வாசம் வந்து ஒண்ணு ரெண்டு வெடிக்க ஆரம்பிச்சதும் இறக்கிச் சலிச்சுடுங்க, சூட்டுலயே மீதியும் வெந்துடும். ஆறினதும் தேய்ச்சுத் தோலைப் புடைச்சா பருப்பு ரெண்டாப் பிரிஞ்சு நிக்கும்.

வெல்லம் பளிச்சுனு மஞ்சளா இருந்தா நான் வாங்க மாட்டேன். நிறத்துக்காக ஹைட்ராஸ் போட்டிருப்பாங்க. கொஞ்சம் கறுப்பா, உடைச்சா உள்ள மணி மணியா இருக்கறது நல்ல வெல்லம். அரை டம்ளர் தண்ணியில கரைச்சுத் துணியில வடிகட்டுங்க. மண்ணு, கரும்புச் சக்கை எல்லாம் வரும். மறுபடி அடுப்புல வச்சுக் கிண்டிக்கிட்டே இருங்க. ஒரு கிண்ணத்துத் தண்ணியில ஒரு சொட்டு விட்டா முதல்ல கரையும், அப்புறம் இளக்கமா உருட்ட வரும். அது அதிரசத்துக்கு ஆகும், இதுக்கு ஆகாது. இன்னும் கொஞ்ச நேரம் விட்டா அந்தச் சொட்டு கல்லு மாதிரி ஆகும். எடுத்துத் தட்டுல போட்டா டங்குனு சத்தம் கேட்கணும், ஒடிச்சா கண்ணாடி மாதிரி ஒடியணும். அதுதான் பதம். ஏலக்காயும் சுக்குத்தூளும் போட்டுப் பருப்பைக் கொட்டி ரெண்டு கிளறு. நெய் தடவின தட்டுல கொட்டி, பூரிக்கட்டையால அழுத்தி, சூடா இருக்கும்போதே கத்தியால கோடு போட்டுடணும். ஆறிட்டா சுத்தியல்தான்.

பேத்தி கேட்டா, "தாத்தா, என் சாக்லேட்டுக்குள்ள இருக்கற கேரமல் மட்டும் ஏன் இழுபடுது? இது ஏன் ஒடியுது?" எல்லாம் உள்ள நிக்கற தண்ணிதாம்மான்னேன். அவங்க சீனிப்பாகுல பாலும் வெண்ணெயும் சேர்த்து 120 டிகிரிக்குப் பக்கத்துல நிறுத்திடறாங்க, தண்ணி மிச்சம் இருக்கு, அதனால இழுபடுது. நாம தண்ணியை விரட்டற வரைக்கும் காய்ச்சறோம், அதனால ஒடியுது. கேட்டுக்கிட்டுப் போனவ, அவ அம்மா வாங்கி வந்த கறுப்பு சாக்லேட்டை எடுத்துக்கிட்டு வந்துட்டா. வெந்நீர்ச் சட்டி மேல கிண்ணத்தை வச்சு உருக்கி, பாதி மிட்டாயை அதுல தோய்ச்சு எடுத்தோம். கிண்ணத்துல ஒரு சொட்டுத் தண்ணி விழுந்தாலும் சாக்லேட் கட்டிக் கட்டியா இறுகிடும், ஜாக்கிரதை. ருசி நல்லாத்தான் இருந்துச்சு. கசப்பும் வெல்லமும் சேரும்போது ரெண்டுமே தெரியுது. கொக்கோவும் மல்லாட்டையும் ஒரே தென் அமெரிக்காவுலேர்ந்து வந்த உறவுக்காரங்கதானே. பொள்ளாச்சிப் பக்கம் தென்னைக்கு நடுவுல கொக்கோ போட்டிருக்கறவங்க இருக்காங்க. அவங்களும் கொட்டையைப் புளிக்க வச்சு, காய வச்சு, பூஞ்சணம் பிடிக்காம பார்த்துக்கிட்டுத்தான் விக்கணும்.

சென்னையிலேர்ந்து பேசறவங்க சில பேர், கடையில இதைவிடக் கம்மியாக் கிடைக்குதேன்னு கேட்பாங்க. கிடைக்கும். 1 கிலோ பருப்புக்கு ஏறக்குறைய ஒன்றரைக் கிலோ காய் உடைக்கணும், அதுக்கு மேல கழிவு, பொறுக்கற கூலி. நான் விலையைச் சொல்லும்போது குழிக்குப் போன மூணு மூட்டையும் அதுல கொஞ்சம் இருக்கு. அதை விட்டுட்டு விலை சொல்ல எனக்கு வழி தெரியலை.

நீங்க வீட்ல செய்யறதுன்னா தோலோட இருக்கற பருப்பா வாங்குங்க, வறுக்கறதுக்கு முன்னாடி ஒரு தடவை தட்டுல பரப்பிப் பாருங்க. சுருங்கினதையும் நிறம் மாறினதையும் தயங்காம எடுத்துப் போடுங்க. எந்த மிட்டாய்லயாவது ஒரு பருப்பு கசந்தா, பக்கத்துல ஆளு இருக்காங்கன்னு முழுங்காதீங்க, துப்பிட்டு வாயைக் கொப்பளிங்க. செஞ்ச மிட்டாயைக் காத்துப் போகாத டின்னுல போட்டு வைங்க. மழை நாள்ல கொஞ்சம் பிசுபிசுக்கும், வெல்லம் ஈரத்தை இழுத்துக்கும், அதுக்குப் பயப்பட வேண்டாம். எங்க வீட்ல இன்னும் கால் டின் இருக்கு. பேத்தி பொங்கலுக்கு வர்ற வரைக்கும் அதைத் தொடக் கூடாதுன்னு உத்தரவு.